கவி கடந்துபோன இடம்

(போனக்காட்டில் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓவியர்கள் இலக்கியத்திலிருந்து என்ன எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுவதற்காக வந்திருக்கிறேன். இதைச் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு குளிரூட்டிய அரங்கில் பேசலாம்தான். ஆனால் இந்தப் பேச்சுக்குப் போனக்காட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் தலைக்குமேல் 1868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர்கூடம். நம் புலவர்கள் பொதிகை பொதிகை என்று பாடிய மலை இது. தென்றல் பிறக்கும் மலை, தமிழ் முனிவன் தங்கிய மலை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அந்த மலையைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டில் கேட்டதோடு சரி. நீங்கள் கொழுந்து கிள்ளும்போது நிமிர்ந்தால் அது தெரிகிறது. கேட்ட ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதுதான் நான் பேசவந்த ஓவியர்களின் வேலை. அதில் பெயர்பெற்ற இரண்டு பேர் இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே பிறந்தவர்கள். ஒருவர் கிளிமானூர், இன்னொருவர் ஆற்றிங்கல். முதலாமவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கையில் பிறந்த முகங்களைத் தெரியும்.

ராஜா ரவிவர்மா 1848 ஏப்ரல் 29 அன்று கிளிமானூரில் பிறந்தார். அந்த வீடே இலக்கிய வீடு. தாயார் உமையம்பாத் தம்புராட்டி கவிதை எழுதியவர். அவர் இயற்றிய 'பார்வதி சுயம்வரம்' என்ற துள்ளல் கதையை மகன்தான் பின்னாளில் அச்சிட்டு வெளியிட்டார். அதே குடும்பத்தைச் சேர்ந்த வித்துவான் கோயித்தம்புரான் 'ராவண விஜயம்' என்ற ஆட்டக்கதையை, அதாவது கதகளிக்கான பாட்டு நூலை, எழுதியவர். ஆக, அந்தப் பிள்ளைக்குப் புராணக் கதைகள் ஏட்டிலிருந்து மட்டும் வரவில்லை. அம்மாவின் குரலில் வந்தன. இரவு முழுக்க விளக்கடியில் ஆடும் கதகளியிலிருந்து வந்தன. ஒரு ஓவியனுக்குக் கதை எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது மிகவும் முக்கியம். காதால் கேட்டவன் வரைவதும், புத்தகத்தில் படித்தவன் வரைவதும், மேடையில் பார்த்தவன் வரைவதும் ஒன்றுபோல இருக்காது. ரவிவர்மாவுக்கு மூன்று வழியும் திறந்திருந்தன.

கை பழகியது வேறு கதை. அதில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. பதினான்கு வயதில் திருவனந்தபுரத்துக்கு, ஆயில்யம் திருநாள் மன்னரின் அவைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் இந்த இளைஞனுக்குத் தொழிலைச் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு 1868-இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அவைக்கு வந்தார். அவர் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான். ஆறுமுகம் பிள்ளையின் பெயரை இந்த இடத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மனிதர் வரைந்த படம் எதுவும் இன்று பேசப்படுவதில்லை. ஆனால் அவர் அன்று கதவைச் சற்றுத் திறந்து வைக்காமல் போயிருந்தால் இந்திய ஓவியத்தின் கதை வேறுமாதிரி போயிருக்கக்கூடும்.

இப்போது ஒரு படத்துக்குள் போவோம். சகுந்தலை.

காளிதாசன் நாடகம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். காட்டில் ஆசிரமம். வேட்டைக்கு வந்த ராஜா துஷ்யந்தன் அவளைப் பார்க்கிறான். முதல் அங்கம் முடியும்போது தோழிகள் அவளை அழைத்துப் போகிறார்கள். அவளுக்குப் போக மனமில்லை. காலில் தர்ப்பை குத்திவிட்டது, துணி கிளையில் மாட்டிக்கொண்டது என்று சாக்குச் சொல்லி ஒரு கணம் நின்று திரும்பிப் பார்க்கிறாள். மேடையில் அது கண்மூடித் திறக்கும் நேரத்தில் முடிந்துபோகிறது. இரண்டாம் அங்கத்தில் துஷ்யந்தன் தன் நண்பனான விதூஷகனிடம் அதை மறுபடி சொல்கிறான். குத்தாத முள்ளுக்காக அவள் நின்றாள், மாட்டாத துணியை விடுவிப்பதுபோலத் திரும்பினாள் என்று தனக்குள் மகிழ்ந்து சொல்கிறான்.

இவ்வளவு பெரிய நாடகத்தில் ரவிவர்மா பிடித்தது இந்த ஒரு கணத்தை. காந்தர்வ விவாகம் இருக்கிறது, துர்வாசர் சாபம் இருக்கிறது, மோதிரத்தை மீன் விழுங்கியது இருக்கிறது, நிறைந்த சபையில் கணவனே இவளை எனக்குத் தெரியாது என்று சொல்லும் கொடுமை இருக்கிறது. கதையைச் சொல்ல நினைக்கிறவன் அவற்றில் ஒன்றைத்தான் எடுப்பான். இவர் எடுத்தது, தோழியைப் பற்றிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி முள்ளை எடுப்பதுபோல் நின்று பின்னால் பார்க்கும் ஒரு பெண்ணை. துஷ்யந்தன் படத்தில் இல்லை. படச்சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கிறான். அவன் இருப்பது அவள் கண் போகும் திசையிலிருந்து மட்டுமே நமக்குத் தெரிகிறது. ராஜாவை வரையாமலே ராஜாவை அந்தப் படத்தில் நிறுத்திவிட்டார்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய ஓவியன் இலக்கியத்தில் தேடுவது கவி ஊன்றிப் பாடிய இடத்தை இல்லை. அந்த இடத்தில் கவியே எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கிறான்; அங்கே தூரிகைக்கு வேலை மிச்சமில்லை. கவி போகிறபோக்கில் சொல்லிக் கடந்துபோன இடம் ஒன்று இருக்கும். மேடையில் காட்ட முடியாமல் யாரோ ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லவைத்த இடம் இருக்கும். ஓவியன் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒஃபீலியா என்ற பெண் ஆற்றில் விழுந்து இறக்கிறாள். அந்தச் சாவு மேடையில் நடப்பதில்லை. அரசி வந்து சொல்கிறாள், நாம் கேட்டுக்கொள்கிறோம். ஜான் எவரெட் மில்லே என்ற ஆங்கில ஓவியர் 1851-52-இல் வரைந்தது அந்தக் கேள்விப்பட்ட காட்சியைத்தான். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு சிற்றாற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து இலை இலையாக, பூப்பூவாக வரைந்தார். பிறகு லண்டனில் எலிசபெத் சிடல் என்ற பெண்ணைத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் உடுத்த துணியோடு படுக்கவைத்து உருவத்தை வரைந்தார். இன்று உலகத்தில் ஒஃபீலியா என்றதும் மனத்தில் வருவது மில்லேயின் அந்த முகம். கவி கேள்வியாக விட்டதை ஓவியன் காட்சியாக்கினான். அந்தக் காட்சி நாடகத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாததாகிவிட்டது.

சகுந்தலையை ரவிவர்மா வேறொரு படத்திலும் வரைந்திருக்கிறார். 1876-இல் சென்னைக் கண்காட்சிக்குப் போன 'சகுந்தலா பத்ரலேகனம்', அதாவது சகுந்தலை கடிதம் எழுதும் படம். அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் அதை வாங்கினார். காளிதாசன் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்பில் அதைச் சேர்த்தார். ஒன்றைக் கவனியுங்கள். ரவிவர்மாவின் மனைவியின் அக்காளை மணந்தவர் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான். அவர் சாகுந்தலத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்துக் கேரள காளிதாசன் என்று பெயர் பெற்றது 1880-களின் தொடக்கத்தில். தமிழில் மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பு வந்தது 1907-இல். ஓவியம் இரண்டுக்கும் முந்திவிட்டது. வடமொழி தெரியாத, மலையாள ஏடும் தமிழ்ப் புத்தகமும் கைக்கு எட்டாத எளிய மனிதருக்குக் காளிதாசனை முதலில் கொண்டுபோய்ச் சேர்த்தது படம்தான்.

அந்தப் படத்துக்குக் கடுமையான கண்டனமும் வந்தது. 1907 வாக்கில் சகோதரி நிவேதிதா அதைப் பற்றி எழுதினார். ஒரு பெண் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு தாமரை இலையில் கடிதம் எழுதுகிறாளே, இது என்ன மரியாதை, இதையா நம் வீடுகளில் மாட்டுவது என்பது அவர் வாதத்தின் சாரம். கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமியும் ரவிவர்மாவை ஏற்கவில்லை. தெய்வங்களையும் காவிய மாந்தரையும் நாடகக் கொட்டகை மனிதர்களாக இறக்கிவிட்டார், இந்திய உணர்வு அதில் இல்லை என்று கருதினார். இருவரும் பெரியவர்கள். குமாரசுவாமி இல்லாவிட்டால் நடராசர் திருமேனியின் பொருளை உலகம் இவ்வளவு ஆழமாக உணர்ந்திருக்காது. ஆனாலும் இந்தப் படத்தைப் பொறுத்தமட்டில் நான் ரவிவர்மாவின் பக்கம்தான். காளிதாசனைத் திறந்து மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். சகுந்தலை காதல் நோயால் தளர்ந்து பூப்பரப்பிய கல்லின்மேல் படுத்துத்தான் இருக்கிறாள். எழுதுகருவி இல்லையே என்றதும் தாமரை இலையில் நகத்தால் எழுது என்று தோழி சொல்கிறாள். ஓவியர் கவியை மீறவில்லை. நிவேதிதா கண்டித்த மரியாதைக் குறைவு என்ற ஒன்று உண்டென்றால் அது காளிதாசனிடமே தொடங்குகிறது. பாட்டில் கேட்கும்போது நெருடாத ஒன்று, படமாகச் சுவரில் தொங்கும்போது நெருடுகிறது. காதுக்கு நாம் கொடுக்கும் சுதந்திரத்தைக் கண்ணுக்குக் கொடுப்பதில்லை. இலக்கியத்தை வரையப் புகுந்த ஒவ்வொரு ஓவியனும் இந்தச் சங்கடத்தைச் சந்தித்தே தீர வேண்டும்.

நிவேதிதாவைத் தம் குருவாகக் கொண்டவர் நம் பாரதியார். தம் பாட்டு நூலை அவருக்கே காணிக்கையாக்கியவர். அந்தப் பாரதியார், 1906 அக்டோபர் 2 அன்று ரவிவர்மா மறைந்தபோது உருகிப் பாட்டெழுதினார். குரு ஒரு பக்கம், சீடர் ஒரு பக்கம். அழகைக் குறித்த விவகாரத்தில் பாரதியார் தம் கண்ணையே நம்பினார் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடுத்து அன்னமும் தமயந்தியும். நளன் கதையை நாம் புகழேந்தியின் நளவெண்பாவாகப் படித்தோம். இங்கே உண்ணாயி வாரியரின் நளசரிதம் ஆட்டக்கதையாக மேடையில் ஆடுகிறார்கள். அன்னம் வந்து நளனைப் பற்றிச் சொல்லும் இடம் கதகளியில் மக்கள் காத்திருந்து பார்க்கும் இடம். அதை வரைய வேண்டும். ஆனால் பேச்சை எப்படி வரைவது? ரவிவர்மா பேச்சை விட்டுவிட்டுக் கேட்பதை வரைந்தார். கட்டைச் சுவரின்மேல் அன்னம். எதிரே சிவப்புச் சேலையில் தமயந்தி. அன்னம் என்ன சொல்கிறது என்று படத்தில் எழுதியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

சேலை என்றேனே, அங்கே சற்று நிற்க வேண்டும். தமயந்தி என்ன உடுத்தினாள், திரௌபதி எப்படி உடுத்தினாள் என்று எந்தக் கவியும் ஓவியனுக்குப் போதுமான அளவு சொல்லவில்லை. வர்ணனை இருக்கும், தையல் கணக்கு இருக்காது. 1888-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் இதிகாச புராணங்களிலிருந்து பதினான்கு படங்கள் வரைந்துதரச் சொன்னபோது ரவிவர்மா உடனே தூரிகையைத் தொட்டுவிடவில்லை. தம்பி ராஜராஜ வர்மாவை அழைத்துக்கொண்டு வடநாடு முழுக்கச் சுற்றினார். இந்தியா முழுவதும் இது நம் தமயந்தி, நம் சீதை என்று ஒத்துக்கொள்ளும் உடை எது என்று தேடினார். கேரளத்தின் முண்டு உடுத்தினால் மராட்டியர் ஏற்க மாட்டார்கள். வடநாட்டுப் பாவாடை உடுத்தினால் தெற்கே அந்நியமாகத் தெரியும். கடைசியில் சேலையில் வந்து நின்றார். ஒரு கவி எழுதாமல் விட்ட வரியை நிரப்ப ஒரு மனிதர் நாட்டையே சுற்றி வந்திருக்கிறார். அந்த முடிவு எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு நம் வீட்டு லட்சுமியும் சரஸ்வதியுமே சாட்சி. இன்று சரஸ்வதியைச் சேலை இல்லாமல் நம்மால் எண்ணிப் பார்க்கவே முடிவதில்லை.

அந்தப் பதினான்கில் ஒன்று கீசகனும் சைரந்திரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். வனவாசம் முடிந்து ஒரு வருடம் மறைந்து வாழ வேண்டிய காலத்தில் திரௌபதி விராடன் அரண்மனையில் சைரந்திரி என்ற பெயரில் வேலைக்காரியாக இருக்கிறாள். அரசியின் தம்பி கீசகன் அவள்மேல் கண் வைக்கிறான். அவனுக்குப் பானம் எடுத்துக்கொண்டு போ என்று அரசியே அவளை அனுப்புகிறாள். போனால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேலைக்காரி, மறுக்க முடியாது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த இரயிம்மன் தம்பி இதைக் கீசகவதம் என்று ஆட்டக்கதையாக எழுதினார். பெயரைப் பாருங்கள்: வதம். மேடைக்கு வேண்டியது பீமன் கீசகனைக் கொல்லும் முடிவு. ரவிவர்மாவுக்கோ வதத்தில் மனம் செல்லவில்லை. கீசகன் நெருங்க அவள் குறுகி முகத்தை மூடிக்கொள்ளும் கணத்தை வரைந்தார். கையில் பாத்திரத்தோடு போக மனமில்லாமல் நிற்கும் சைரந்திரியையும் தனியாக வரைந்தார். பீமன் வருவது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாத அந்த நேரத்தைத்தான் ஓவியர் நிறுத்தி வைத்திருக்கிறார். பாரதக் கதையில் இது வேகமாகக் கடந்துபோகும் இடம். துரையும் கங்காணியும் ஆண்ட தோட்டங்களில் உங்கள் பாட்டிமார் இந்த இடத்தில் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்க்க எந்த விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

ஓவியம் அரண்மனைச் சுவரிலேயே இருந்திருந்தால் இதையெல்லாம் இங்கே வந்து பேசவேண்டிய அவசியம் இருந்திருக்காது. கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை எழுதினார். உங்கள் படம் வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள், ஒரு ஜோடிக் கையால் எத்தனை வரைவீர்கள், அச்சடித்துப் பரப்புங்கள் என்பது அதன் சாரம். 1894-இல் பம்பாய் கிர்காமில் ஜெர்மன் நிபுணர்களை வைத்து ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். முதலில் அச்சான படம் 'சகுந்தலையின் பிறப்பு'. மேனகை குழந்தையை ஏந்தி நிற்க, விசுவாமித்திரர் முகத்தைத் திருப்பிக் கையால் மறுக்கும் காட்சி. இதுவும் காளிதாசன் மேடையில் காட்டாதது. துஷ்யந்தன் கேட்கும்போது தோழி அனசூயை பாதி சொல்லி, கூச்சப்பட்டு நிறுத்திக்கொள்வது. பிற்பாடு அச்சகம் லோனாவ்லா பக்கம் மாறியது. கடன் தாங்காமல் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்கும்படி ஆயிற்று. இந்தியாவின் முதல் முழுநீளப் படத்தை எடுத்த தாதாசாகேப் பால்கே ஒரு காலத்தில் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். அரிச்சந்திரன் கதையை அவர் எடுத்ததில் வியப்பில்லை.

அந்த அச்சுப் படங்களின் வழியில் வந்தவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அந்தக் கம்பெனி 1940-களில் கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு தெய்வப் படங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டியாக்கின. மீனாட்சி கல்யாணம், கீதோபதேசம், பட்டாபிஷேகம் எல்லாம் அப்படித்தான் மளிகைக் கடை நாட்காட்டியாக மலையேறித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவருக்கு வந்தன. இவற்றைக் கலை என்று ஒப்புக்கொள்ளப் படித்தவர்கள் நெடுநாள் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் அநியாயம் என்பேன். எழுத்தறியாத ஒரு தாய் தன் பிள்ளைக்கு ராமாயணம் சொல்லும்போது விரலால் சுட்டிக்காட்ட ஒரு படம் அவள் கைக்குக் கிடைத்ததே, அது சிறிய காரியமா?

பத்திரிகை ஓவியர்களை இங்கே விட்டுவிட முடியாது. 1950 அக்டோபரில் கல்கி தம் பத்திரிகையில் பொன்னியின் செல்வனைத் தொடங்கியபோது படம் போட்டவர் மணியம். இருபத்தாறு வயது. சோழர் காலத்து மனிதர்களை யாரும் பார்த்ததில்லை. கோயில் சிலைகளும் சுவரோவியங்களும்தான் ஆதாரம். கல்கியோடு ஊர் ஊராகப் போனார், இலங்கைக்கும் போனார், வரைந்துகொண்டு வந்தார். குந்தவைக்கு ஒரு கொண்டை, நந்தினிக்கு ஒரு கொண்டை என்று அவர் வகுத்ததுதான் எழுபது ஆண்டு கழித்துத் திரைப்படம் எடுத்தவர்கள் வரைக்கும் வாசகரின் மனத்தில் நின்றது. மணியம் நாற்பத்தைந்து வயதைக்கூட எட்டாமல் 1968-இல் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் எத்தனையோ பேர் அந்த நாவலுக்கு வரைந்திருக்கிறார்கள். அவர் போட்ட கோட்டைத் தாண்டிப் போவது யாருக்கும் எளிதாக இருக்கவில்லை.

இனி ஆற்றிங்கல்காரர். ஏ. ராமச்சந்திரன், 1935-இல் பிறந்தவர். இவர் முதலில் படித்தது ஓவியம் இல்லை; மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம். அதன்பிறகுதான் சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்றார். பிறகு தில்லியிலேயே வாழ்ந்து 2024 பிப்ரவரியில் மறைந்தார். கல்கத்தாவில் அகதிகளைப் பார்த்த அதிர்ச்சியிலிருந்து அவருடைய தொடக்ககாலப் படங்கள் பிறந்தன. வதைபட்ட உடல்கள், இருண்ட வண்ணம். ஐம்பது வயதை ஒட்டி, 1984-இலிருந்து 86 வரை, அவர் ஒரு பெரிய படைப்பைச் செய்தார். பெயர் யயாதி. பன்னிரண்டு பலகைகள், சுமார் 60 அடி நீளம், 8 அடி உயரம். நடுவே வெண்கலச் சிற்பங்களும் உண்டு.

யயாதி கதை மகாபாரதத்தில் வருகிறது. சுக்கிராச்சாரியார் சாபத்தால் திடீரென்று கிழவனாகிப்போன ராஜா, இன்னும் அனுபவிக்கும் ஆசை அடங்காமல், பெற்ற பிள்ளைகளிடம் உன் இளமையைக் கொடு என்று கேட்கிறான். மற்றவர்கள் மறுக்க, கடைசி மகன் பூரு கொடுக்கிறான். மிகப் பயங்கரமான கதை. ரவிவர்மா கையில் கிடைத்திருந்தால் மகன் இளமையைத் தானம் செய்யும் கணத்தைப் பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். ராமச்சந்திரன் சாபத்தையும் வரையவில்லை, தானத்தையும் வரையவில்லை. கதையை மூன்று பொழுதாகப் பிரித்துக்கொண்டார்: உஷை, மத்தியானம், சந்தியை. ஒரு மனிதனின் ஆயுளை ஒரு பகலாக ஆக்கிவிட்டார். அந்தப் பலகைகளை நிரப்பியிருப்பவர்கள் பெண்கள். அவர்களுக்கு அரச குலத்து முகங்களும் இல்லை. ராஜஸ்தானத்தில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் இரும்படித்துப் பிழைக்கும் லோகார் குலத்துப் பெண்களைப் பார்த்து வரைந்தார். யயாதியின் மனைவியரான தேவயானியும் சர்மிட்டையும் காய்ந்துபோன கைகளோடும், கனத்த வெள்ளி நகைகளோடும், வெயில் பட்ட தோலோடும் வந்து நிற்கிறார்கள். அந்தப் பரந்த வண்ணத்துக்கும் நிறைவான கோட்டுக்கும் பின்னால், சிறுவயதில் கோயில் சுவர்களில் அவர் பார்த்து வளர்ந்த கேரளச் சுவரோவியம் இருக்கிறது.

இலக்கியத்தை வரைவதில் ரவிவர்மாவுக்கும் இவருக்கும் நடுவே நடந்திருக்கும் மாற்றத்தை எண்ணிப் பாருங்கள். ரவிவர்மா காவியப் பெண்ணுக்கு இந்த நாட்டுப் பெண்களின் முகத்தைக் கொடுத்தார். ஆனால் அது மேல்தட்டு வீட்டு முகம், பட்டுச் சேலை, முத்துமாலை. அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ராமச்சந்திரன் வீதியோரத்து உழைப்பாளிப் பெண்ணைக் காவியத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்த நாற்காலி அவளுக்கும் உரியது என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். இதற்காக அவரை அலங்காரக்காரர் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. இலக்கியம் படித்த ஓவியன் ஒருவனால்தான் இதைச் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம். கதையின் சம்பவங்களை உதறிவிட்டு அதன் தவிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள, கதையை அத்தனை ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக்கு அருகே 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் இன்னும் ஒரு படி போனார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய படவரிசையில் எழுத்துப்போல வரிவரியாக இருக்கும். படிக்க முயன்றால் எந்த மொழியும் இல்லை. ஜாதகக் கட்டம்போல, பழைய ஏடுபோல இருக்கும். கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை. எழுதப்பட்ட ஏட்டின் அழகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவருடைய படங்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் ஒரு கூடம் இருக்கிறது.

இவ்வளவையும் நான் இங்கே வந்து சொல்வதற்கு ஒரு வேண்டுகோள் காரணம். தோட்டத் தொழிலாளர் வாழ்வை வைத்து நம்மிடம் இலக்கியம் இருக்கிறது. ஆனைமலைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். அதிலிருந்து 2013-இல் 'பரதேசி' என்ற திரைப்படம் வந்தது. இலங்கை மலையகத்திலிருந்து சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைக் கவிதையாக எழுதினார். அந்த மலையகத்திலிருந்து வந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே வண்ணமாக எடுத்து வரைகிறார். மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உங்கள் முன்னோர் இந்தக் காட்டுக்கு வந்த கதையும் அந்தக் கதைகளோடு சேர்ந்ததுதான். இங்கே தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. லயங்கள் ஒழுகுகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாழடைந்த பங்களாவில் பேய் இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். இந்த ஊரைப் பற்றி உலகம் அறிந்த கதை பேய்க்கதையாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இங்கே உயிரோடு இருந்தவர்களின், இருக்கிறவர்களின் கதையை வரைய ஆள் வேண்டும்.

பிள்ளைகளே, ஒன்று செய்யுங்கள். ஆசிரியரையோ வீட்டுப் பெரியவரையோ அழைத்துக்கொண்டு விதுரா வழியாகத் திருவனந்தபுரம் போங்கள். அருங்காட்சியக வளாகத்தில் 1935-இல் திறந்த ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் இருக்கிறது. அதே வளாகத்தில் 2023-இல் ரவிவர்மாவுக்கென்றே தனிக்கூடமும் திறந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். படத்தின் முன்னால் நின்று, இதில் யார் இல்லை, யாரை இந்தப் பெண் பார்க்கிறாள், இதற்கு முந்தின நொடியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் 'எரியும் பனிக்காட்டை' எடுத்துப் படியுங்கள். படிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பாட்டி சொல்லும் கதையையும் கேளுங்கள். அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துபோகும் ஓர் இடம் கட்டாயம் வரும். அந்த இடத்தில் அவரை நிறுத்தி, அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டு வரையுங்கள். பென்சில் போதும். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் போதும். இந்த மாவட்டம் இந்தியாவுக்கு இரண்டு பெரிய ஓவியர்களைக் கொடுத்திருக்கிறது. மூன்றாமவர் இந்தத் தோட்டத்திலிருந்து வரட்டும்.